புரட்டாசி உருண்டை

வாங்க அம்மிணி, படி பாத்து ஏறுங்க. மூணாவது படி மட்டும் சித்தெ உசரமா இருக்கும், மேஸ்திரி பண்ணுன வேலை. இதுதான் ரூமு. இது சமையக்கட்டு. மோட்டர் போட்டா பத்தே நிமிசத்துல டேங்கு நெறஞ்சுரும். காத்தோட்டத்துக்குக் கொறையே இல்லைங்க, அந்த சன்னலத் தொறந்து பாருங்க.

ரெண்டு மாசமா ஏன் காலியாக் கெடக்குதுன்னா? ஏனுங்க, புரோக்கர் உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னானா? சும்மா சொல்லுங்க.

என்னது? நாய்க்கறி திங்கற புள்ள குடியிருந்த வீடுன்னானா? உங்ககிட்டயேவா அப்பிடிச் சொன்னான்? அட சாமி. பள்ளிக்கூடத்து டீச்சரு, குடி வரலாமான்னு பாக்க வந்தவங்க, உங்க காது வரைக்கும் வந்துருச்சா.

உக்காருங்க. இந்தத் திட்டு மேலயே உக்காருங்க, தொடைச்சுதான் வெச்சிருக்கறேன். அது பொய்யிங்க. சுத்தப் பொய்யி. எனக்கு எப்பிடித் தெரியும்னா, அதைக் கெளப்பி உட்டதே நாந்தான்.

யாருகிட்டயும் சொன்னதில்லைங்க. எங்கூட்டுக்காரருக்கே முழுசாத் தெரியாது. நீங்க வந்து அரை மணி நேரங்கூட ஆகல, உங்ககிட்டச் சொல்றேன் பாருங்க.

அந்தப் புள்ள போன வைகாசில வந்துச்சு. மிசோரம். பர்மா பக்கம்னு எங்கூட்டுக்காரர் சொன்னாரு, நான் எங்க கண்டேன். மெயின் ரோட்டுல லேடீஸ் பார்லர் ஒண்ணு இருக்குதில்லைங்க, அங்க முடி வெட்டற வேலை. இருவத்தி நாலு வயசு. பேரு லால்ரின்புயி. எனக்கு வாயில நுழையல. "லலிதான்னு கூப்புட்டுக்கறேன் கண்ணு"ன்னேன். சிரிச்சுக்கிட்டே சரின்னுச்சு. நான் அப்பிடித்தானுங்க, யாரா இருந்தாலும் சொந்தப் புள்ளையாட்டத்தான் பாப்பேன்.

வாடகைக்கு உடறப்பவே ரெண்டு கண்டிசன் சொன்னேன். மாடில சிலிண்டர் வெக்கக் கூடாது, மாட்டுக்கறி பன்னிக்கறி கூடாது. கோழி, ஆடுன்னா நாங்களே ஞாயித்துக்கெழம ஆனா திங்கறவங்கதான். எல்லாத்துக்கும் தலைய ஆட்டுச்சு. ஒரு வாரம் ஓட்டல்ல வாங்கித் தின்னுச்சு. அப்புறம் ஒரு பொட்டி வந்து எறங்குச்சுங்க. உள்ள பாத்தா கறுப்பா, கொடத்தக் கவுத்து வெச்சாப்ல ஒரு மிசினு. ஏர் ஃப்ரையராம். "ஆன்டி, கேஸ் இல்ல, புகை இல்ல, எண்ணெய் இல்ல. உங்க ரூல் ஓகே"ங்குது. என்ற கண்டிசனுக்காகவே வாங்குன மிசினுங்க அது. அதுக்குன்னு அந்தப் பெரிய பிளக் பாயிண்ட்டு கூட அது செலவுலயே போட்டுக்குச்சு. அதா, அந்த மூலைல இருக்குது பாருங்க. நீங்க கிரைண்டருக்கு வெச்சுக்கலாம், நல்லாத்தான் இருக்குது.

ஆனி மாசம் மொத ஞாயித்துக்கெழம, மத்தியானம் பன்னண்டு மணி இருக்கும். ஒரு டிபன் டப்பாவோட வந்து வாசல்ல நிக்குது. தொறந்தா ஆறு உருண்டை. எலுமிச்சங்கா அளவு. மேல பளபளன்னு ஒரு பாகு, அதுமேல வெள்ளை எள்ளு. இஞ்சியும் பூண்டுமா வாசம் கமகமன்னு வருது. "சிக்கன் உருண்டை ஆன்டி. ஏசியன் ஸ்டைல். எங்க அம்மா அடுப்புல பண்ணுவாங்க, நான் மிசின்ல"ன்னுச்சு.

"எதுக்கு கண்ணு உனக்கு இந்தச் சிரமம்"னு வாங்கிக்கிட்டேன். எங்கூட்டுக்காரர் "ஒண்ணு குடு"ன்னு கைய நீட்டுனாரு. நான் டப்பாவ வெடுக்குன்னு இழுத்துக்கிட்டேன்.

ஏன்னா, அதுக்கு மொத நாள்தான் எங்க நாத்தனா வந்திருந்தா. "அவங்க ஊர்ல நாயி, பாம்பு, பூச்சி எதையும் உட மாட்டாங்களாமா, போன்ல பாத்தேன்"னா. போன்ல பாத்தாளாம்! நான் அதை நம்புனனான்னு கேட்டீங்கன்னா, நம்பலைங்க. நம்பவே இல்லைன்னும் சொல்ல முடியாது. அந்தக் கோழி நாங்க வாங்கற அதே பாய் கடைல வாங்குனது. நாஞ் சொல்லி உட்ட கடை. என்ற பேரச் சொல்லி, "தோல் இல்லாம அரைச்சுக் குடுங்க"ன்னு வாங்குனது. அவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாய்கிட்டப் போகலைங்க.

பின்னால துணி தொவைக்கற கல்லு இருக்குது, வாசிங் மிசின் வந்தப்புறம் அதுல யாரும் தொவைக்கறதில்ல. அதுக்கு அக்கட்டால காலி எடம், அங்க எப்பவும் ஒரு நாயி படுத்திருக்கும். தெரு நாயிதான். பிஸ்கெட்டுன்னு புள்ளைங்க பேரு வெச்சிருக்குதுங்க. ஆறு உருண்டையையும் கல்லு மேல வெச்சேன். ரெண்டே நிமிசம். எள்ளக் கூட உடாம நக்கிருச்சு.

டப்பாவக் கழுவுனேன். வெறும் டப்பாவாத் திருப்பிக் குடுக்கலாமுங்களா? எங்க பக்கம் அந்தப் பழக்கமே கெடையாது. வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு வெச்சிருந்தேன், நாலு எடுத்துப் போட்டு மேல கொண்டு போனேன். இதே வாசல்ல நின்னுதான் கேட்டுச்சு, "எப்படி இருந்துச்சு ஆன்டி?"ன்னு.

"அருமை கண்ணு. சூப்பரா இருந்துச்சு. நான் ஒண்ணு திங்கறதுக்குள்ள அந்த மனுசன் மீதி அஞ்சையும் முடிச்சுட்டாரு"ன்னேன்.

அந்த மூஞ்சிய நீங்க பாத்திருக்கோணும். கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. இந்த ஊருக்கு வந்து ரெண்டு வருசமாச்சாம், அது கையால செஞ்சத இதுவரைக்கும் ஒருத்தரும் வாங்கித் தின்னதில்லையாம். பார்லர்ல சோத்து டப்பாவத் தொறந்தா பக்கத்துல இருக்கறவ நகந்து உக்காந்துக்குவாளாம். "நீங்கதான் ஃபர்ஸ்ட் ஆன்டி"ன்னு என்ற கையப் புடிச்சுக்கிச்சு.

அப்பவாச்சும் நான் ஏதாச்சும் சொல்லியிருக்கலாம். வயிறு சரியில்ல, சக்கரை இருக்குது, இனிமேல் வேண்டாம் கண்ணுன்னு எவ்வளவோ சொல்லலாம். சொல்லல. மூஞ்சி முறியக் கூடாது பாருங்க.

அடுத்த ஞாயித்துக்கெழம பன்னண்டு மணிக்கு டப்பா வந்துருச்சு. அதுக்கடுத்த ஞாயிறும் வந்துச்சு. நான் போட, நாயி திங்க, திருப்பிக் குடுக்கற டப்பாவுல ஒரு வாரம் முருங்கக்கீரை, ஒரு வாரம் எள்ளுருண்டை, ஒரு வாரம் அஞ்சாறு எலுமிச்சம்பழம். அதுவும் உடாது, ஒவ்வொரு வாட்டியும் கேக்கும். "காரம் போதுமா ஆன்டி?" நான் என்னத்தக் கண்டேன். சும்மா ஒரு பேச்சுக்கு "சித்தெ கம்மி கண்ணு"ன்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் பிஸ்கெட்டு தின்னுட்டு தும்முது, தொட்டித் தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிக்குது. எங்கூட்டுக்காரர் சன்னல்ல நின்னு பாத்துட்டு, "நாய்க்கு வாய் வேகுது, நீ சிரிக்கறயே"ன்னாரு. ஆமாங்க, சிரிச்சேன்.

அப்புறம் புரட்டாசி வந்துச்சு. எங்கூட்ல புரட்டாசி மாசம் முழுக்கக் கவுச்சி கெடையாது. அப்பாடா, ஒரு மாசத்துக்குப் பொய் சொல்ல வேண்டியதில்லைன்னு நிம்மதியா இருந்துச்சு. "கண்ணு, இந்த மாசம் பெருமாள் மாசம். நாங்க கறி திங்க மாட்டோம், உருண்டை வேண்டாம் சாமி"ன்னேன். சரி சரின்னு தலைய ஆட்டுச்சு.

ஞாயித்துக்கெழம. பன்னண்டு மணி. டப்பா.

"மீல்மேக்கர் ஆன்டி. சிக்கன் இல்ல, முட்டை கூட போடல. மிசின் கூடைய சுடுதண்ணில மூணு தடவ கழுவிட்டேன். இது புது டப்பா"ங்குது. கோழி வெச்ச டப்பாவுல நமக்குக் குடுக்கக் கூடாதுன்னு புது டப்பா வாங்கியிருக்குதுங்க. யாரும் சொல்லிக் குடுக்கல. அதுவா யோசிச்சுப் பண்ணுனது.

அதையும் கொண்டு போயி நாய்க்குப் போட்டேன்.

அப்பிடிப் பாக்காதீங்க அம்மிணி. கோழின்னா சந்தேகம்னு ஒரு சாக்கு சொல்லலாம். மீல்மேக்கர்ல என்னங்க சந்தேகம்? நம்ம மளிகைக் கடைல வாங்குன மீல்மேக்கரு. கல்லு மேல வெக்கறப்பத்தான் எனக்கே வெளங்குச்சு. கறி மேல இல்ல, அந்தப் புள்ளையோட கை மேலதான் எனக்கு அருவருப்பு. சொல்றப்பவே நாக்கு கூசுது. நாந்தான் எல்லாரையும் சொந்தப் புள்ளையாட்டம் பாக்கறவளாச்சே! என்னைய நெனைச்சா எனக்கே கேவலமா இருக்குதுங்க.

சரி, இது என்னோட இருந்திருந்தாக் கூடப் பரவால்ல. புரட்டாசி மூணாவது வாரம் பிஸ்கெட்டக் காணோம். ரெண்டு நாள் பாத்தேன், மூணு நாள் பாத்தேன், வரல. சாயங்காலம் முக்குல மாவுக்கடைக்குப் போனேன். இட்லி மாவு வாங்க நம்ம தெருப் பொம்பளைங்க அஞ்சாறு பேரு எப்பவும் நிப்பாங்க. கடைக்காரி சுலோச்சனா, "என்ன துளசிமணிக்கா, உங்க கல்லுகிட்டப் படுத்திருக்குமே, நாயக் காணோம்?"னா.

நாஞ் சொன்னேன், "நாயத்தான் காணோம். மேல வீட்டுல இருந்து உருண்டை மட்டும் வாராவாரம் தப்பாம வருது"ன்னு.

அவ்வளவுதானுங்க நாஞ் சொன்னது. ஒரு வார்த்தை கூட மேல சொல்லல. எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. ஒருத்தி வாயப் பொத்திக்கிட்டு "அய்யய்யோ"ன்னா. அந்தச் சிரிப்பு எனக்குப் புடிச்சிருந்துச்சுங்க, அதையும் மறைக்க மாட்டேன். என்ற வயசுக்கு நான் பேசி நாலு பேரு சிரிச்சு எத்தன நாளாச்சு. ஆனா சொல்றப்பவே எனக்குத் தெரியும், அந்த வாரம் வந்தது மீல்மேக்கருன்னு. தெரிஞ்சேதான் சொன்னேன்.

நாலு நாள்ல தெரு முழுக்கப் பரவிருச்சு. அந்தப் புள்ள நடந்து போனா பின்னாலயே பசங்க லொள் லொள்ளுன்னு கொரைக்கறானுங்க. பாய் கடைல நின்னா பக்கத்துல நிக்கறவங்க ஒதுங்கறாங்க. பார்லர்ல நம்ம தெருப் பொம்பளைங்க, "அந்தப் புள்ள கை என்ற மூஞ்சில பட வேண்டாம், வேற ஆள வரச் சொல்லு"ன்னு சொல்லியிருக்கறாங்க.

ஒரு நாள் பொழுதோட என்ற வாசல்ல வந்து உக்காந்து அழுவுது. யாரு ஆரம்பிச்சதுன்னு அதுக்குத் தெரியாது. ஆறுதலுக்கு எங்கிட்டயேதான் வந்திருக்குது. அழுதுக்கிட்டே என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "ஆன்டி, நீங்க சொல்லுங்க அவங்ககிட்ட. நீங்க சாப்பிட்டீங்கல்ல. எல்லா வாரமும் நீங்க சாப்பிட்டீங்கல்ல."

இந்த ஊருலயே அதுக்கு இருந்த ஒரே சாட்சி நானுங்க. நான் ஒரு உருண்டை தின்னதில்ல.

"அழுகாத கண்ணு, நான் பாத்துக்கறேன், நாஞ் சொல்றேன்"னு தலையத் தடவி அனுப்புனேன். சொல்லல. எப்பிடிச் சொல்றது? நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்னு சொன்னா, இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தேன்னு கேப்பாங்கல்ல?

ஐப்பசி பொறந்து மொத ஞாயித்துக்கெழம. காலைல பின்னால போறேன், பிஸ்கெட்டு படுத்திருக்குது! இடது காதுல முனை மட்டும் வெட்டி இருக்குது. கார்ப்பரேசன் வண்டில புடிச்சுட்டுப் போயி, குட்டி போடாம இருக்க ஆபரேசன் பண்ணி, அடையாளத்துக்குக் காத வெட்டி, புடிச்ச எடத்துலயே கொண்டாந்து உட்டிருக்கறாங்க. எனக்கு நெஞ்சுல இருந்து கல்லு எறங்குன மாதிரி இருந்துச்சு. இனி எல்லாம் தானாச் சரியாயிரும், நான் வாயத் தொறக்க வேண்டியதில்லைன்னு நெனைச்சேன்.

பன்னண்டு மணிக்கு அந்தப் புள்ள படில தடதடன்னு எறங்கி ஓடியாருது. ஒரு கையில டப்பா. "ஆன்டி! நாய் வந்துடுச்சு! பாருங்க, வந்துடுச்சு! வாங்க, மாவுக்கடைக்குக் கூட்டிட்டுப் போலாம், எல்லாருக்கும் காட்டலாம்!" அப்பிடி ஒரு சந்தோசம். "பிஸ்கெட், வா வா"ன்னு கூப்புடுது.

பிஸ்கெட்டு எந்திரிச்சுச்சு. டப்பா வாசம் புடிச்சிருச்சு. அந்தப் புள்ளகிட்டப் போகலைங்க. நேரா தொவைக்கற கல்லுகிட்டப் போயி உக்காந்துக்கிச்சு. உக்காந்துக்கிட்டு என்ற கையவே பாக்குது. வால ஆட்டுது, என்னையப் பாக்குது, கல்லப் பாக்குது. அது மேல எத்தனையோ வாரத்துப் பாகு காஞ்சு கறை புடிச்சிருக்குது, இடுக்குல வெள்ளை எள்ளு வேற ஒட்டியிருக்குது. நான் ஒரு நாளும் கழுவி உட்டதில்ல.

அந்தப் புள்ள நாயப் பாத்துச்சு. கல்லப் பாத்துச்சு. கையில இருந்த டப்பாவப் பாத்துச்சு. அப்புறம் என்னையப் பாத்துச்சு. "ச்சீ, போ நாயே"ன்னு நான் வெரட்டறேன், அது அசையவே மாட்டேங்குது.

திட்டியிருந்தா நானும் ரெண்டு பேசியிருப்பேன். கல்லுகிட்டப் போயி குந்த வெச்சு உக்காந்து, ஒவ்வொண்ணா ஆறையும் எடுத்து வெச்சுது. நாயி தின்னு முடிக்கற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்துச்சு. டப்பாவ மூடிக்கிட்டு மேல போயிருச்சு. அடுத்த நாள் வந்து, மாசக் கடைசில காலி பண்ணிக்கறேன்னு மட்டும் சொல்லுச்சு.

நாயி வந்துருச்சே, தெரு மாறியிருக்கும்னு நெனைக்கறீங்களா? நானும் அப்பிடித்தான் நெனைச்சேன். "இது அந்த நாய் இல்ல, அதுக்குக் காது முழுசா இருந்துச்சே"ன்னுட்டாங்க. இன்னொருத்தி, "இது தப்பிச்சு வந்திருக்குது, அதான் காதுல வெட்டு"ன்னா. என்ற வாயால கெளப்பி உட்டத அடக்கறதுக்கு அந்த நாயால கூட முடியலைங்க.

காலி பண்ற அன்னிக்கு மனசு கேக்கல. பாய் கடைக்கு நானே போயி, தோல் இல்லாத கோழி அரைக் கிலோ அரைச்சு வாங்கிட்டு மேல வந்தேன். மிசின பொட்டிக்குள்ள வெச்சு டேப்பு ஒட்டிட்டு இருந்துச்சு. "கண்ணு, ஒரே ஒரு தடவ செஞ்சு குடு. உன்ற முன்னால உக்காந்து திங்கறேன்"னேன். ஒட்டுன டேப்பப் பிரிச்சுது.

அன்னிக்குத்தான் அது செய்யறத மொத மொதல்ல பாத்தேன். வெங்காயத்தாளு, இஞ்சி, பூண்டு எல்லாம் பொடிப்பொடியா அரிஞ்சு போட்டு, ரொட்டித் தூளு, ஒரு முட்டை, சோயா சாஸ், நல்லெண்ணெய் ரெண்டு சொட்டு. கைய நனைச்சுக்கிட்டு உருட்டுது. அழுத்தி உருட்டுனா கல்லாயிரும் ஆன்டின்னு சொல்லிக்கிட்டே உருட்டுது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம கூடைல அடுக்கி, பன்னண்டு நிமிசம். நடுவுல ஒரு தடவ கூடைய வெளிய இழுத்துக் குலுக்குச்சு. நம்ம கோலா உருண்டைதானுங்க, பொட்டுக்கடலைக்குப் பதிலா ரொட்டி, எண்ணெய்ச் சட்டிக்குப் பதிலா மிசினு. இதுக்குப் போயா இவ்வளவு பண்ணுனோம்னு இருந்துச்சு. தேனும் பூண்டும் காய்ச்சுன பாக மேல தடவி, எள்ளத் தூவி, ஒரு தட்டுல வெச்சுக் குடுத்துச்சு.

தின்னேன். வெளிய மொறுமொறுன்னு, உள்ள பஞ்சு. இனிப்பு, அதுக்குப் பின்னால உப்பு, கடைசில அந்தக் காரம். நாஞ் சொல்லி, எனக்காக ஏத்துன காரம். ஒண்ணு தின்னுட்டு இன்னொண்ணு எடுத்தேன். எனக்கு அழுகையே வந்துருச்சு. "கண்ணு, சத்தியமாச் சொல்றேன், அருமையா இருக்குது"ன்னேன்.

அது மிசின் கூடையத் தொடைச்சுக்கிட்டே சொல்லுச்சு, "எப்பவும் இதேதான் சொன்னீங்க ஆன்டி."

கோவமே இல்லைங்க அந்தக் கொரல்ல. அதுதான் தாங்கல.

போறப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. "மாவுக்கடைல மட்டும் சொல்லிடுங்க ஆன்டி"ன்னு. சொல்றேன் கண்ணுன்னேன். இங்கதான் இருக்குது இன்னும், பார்லருக்குப் பின்னால லேடீஸ் ஹாஸ்டல்ல. கஸ்டமரு யாரும் அதுகிட்ட உக்கார மாட்டேங்கறாங்கன்னு முதலாளியம்மா அதைப் பின்னால துண்டு தொவைக்கப் போட்டிருக்கறாங்களாம். இந்த மாசத்தோட வேண்டாம்னு சொல்லப் போறாங்கன்னு பேச்சு. முடி வெட்டற கையிங்க அது.

தெனமும் மாவு வாங்கப் போறேன். வீட்டுல கிரைண்டர் இருக்குது, எனக்கு மாவே வேண்டியதில்ல. இன்னிக்குச் சொல்லிறலாம்னுதான் போறேன். சுலோச்சனா "எத்தன கிலோக்கா?"ங்கறா, "ஒண்ணு குடு"ன்னு வாங்கிட்டு வந்தர்றேன். ரெண்டு மாசமா எங்கூட்ல இட்லி தோசதான்.

வீடு புடிச்சிருக்குதுங்களா? மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க. வாடகைல ஐநூறு கொறைச்சுக்கறேன்.

ஏனுங்க அம்மிணி, பஸ்ஸ்டாப்புக்கு அந்த முக்கு வழியாத்தான போவீங்க? மாவுக்கடை பச்சக் கலர் ஷட்டரு. அங்க சித்தெ நின்னு, அந்தப் புள்ள செஞ்சது வெறும் மீல்மேக்கருதானாமா, நாய்ப் பேச்செல்லாம் பொய்யாமான்னு ஒரு வார்த்தை போட்டுட்டுப் போறீங்களா? டீச்சரு சொன்னா நம்புவாங்க. யாரு சொன்னாங்கன்னு கேட்டா, கேள்விப்பட்டேன்னு சொல்லிருங்க. என்ற பேரு மட்டும் வர வேண்டாமுங்க.